டாடா 1210: டிராப் ஆர்ம், கிங் பின், டை ராட் எண்ட் மூணும் ஜாம். உடைக்காம கழட்ட வழி?

ஷெட்டுல_நிக்குது:

வணக்கம். வண்டி டாடா 1210 எஸ்இ, பவர் ஸ்டியரிங் இல்லாதது. நாலு வருஷம் வெட்டவெளியில் நின்னதில் இன்ஜினும் கியர்பாக்ஸும் பிழைச்சுக்கிச்சு, முன் ஆக்சில்தான் துருவில் ஒரே கட்டியாகிடுச்சு. எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) முன்னாடி கிங் பின் (முன் சக்கரம் இடம் வலம் திரும்புற அச்சாணி) செட், டை ராட் எண்ட் (ரெண்டு முன் சக்கரத்தையும் இணைக்கிற குழாயோட நுனி மூட்டு) மாத்தணும். ஸ்டியரிங் பாக்ஸை இறக்கி ஆயில் சீலும் போடணும்.

இப்போதைய நிலவரம்: டிராப் ஆர்ம் (ஸ்டியரிங் பாக்ஸ் ஷாஃப்டில் மாட்டியிருக்கிற கை) நட் கழண்டாச்சு, ஆர்ம் அசையவே இல்லை. மூணு கால் புல்லர் (இழுத்துக் கழட்டுற கருவி) போட்டதில் புல்லரோட கால்தான் விரிஞ்சது. கிளீனர் சைடு (இடது பக்கம்) கிங் பின்னோட லாக் பின் நட் வந்துடுச்சு, பின் வரலை. தட்டித் தட்டி அதோட நுனி பூத்துப் போச்சு. டை ராட் எண்ட் ஆர்ம்லிருந்தும் வரலை, குழாய்க்குள்ளேயும் திரும்பலை.

மூணு நாளா டீசல் ஊத்திட்டு இருக்கேன். பக்கத்துப் பட்டறையில் சொல்ற வைத்தியம், "கேஸ் வச்சு செவக்கக் காய்ச்சி பச்சத்தண்ணி ஊத்து, தானா விடும்." செய்யலாமா? மூணில் எதை முதல்ல தொடணும்?

பழைய_இரும்பு:

தண்ணி வைத்தியம் வேண்டாங்க. டிராப் ஆர்ம், ஸ்டியரிங் ஆர்ம், ஸ்டப் ஆக்சில் (சக்கரம் மாட்டுற குட்டி ஆக்சில்) எல்லாமே அடிச்சு உருவாக்கி பதம் ஏத்தின இரும்பு. செவக்கக் காய்ச்சினா அந்தப் பதம் போயிடும். அது மேல தண்ணி ஊத்தினா அந்த இடம் விறைச்சு, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். இன்னைக்கு சுலபமா கழண்டு வரும், என்னைக்கோ ஒரு நாள் லோடோட திரும்பும்போது முறியும்.

சூடு வைக்கிறது தப்பில்லை. எதுக்கு வைக்கிறோம்னு தெரிஞ்சு வைக்கணும். இரும்பு ஒரு டிகிரி சூட்டுக்கு, மீட்டருக்கு 12 மைக்ரான் கணக்கில் விரியும். 40 மி.மீ. துளை உள்ள ஆர்ம் கண்ணை, உள்ளே இருக்கிற ஷாஃப்டைவிட 150 டிகிரி கூடுதலா சூடாக்கினா துளை 0.07 மி.மீ. பெருசாகும். கேக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா துருவோட பிடியை உடைக்க அதுவே தாராளம். ஷாஃப்டும் சேர்ந்து சூடேறிட்டா ரெண்டும் ஒண்ணா விரிஞ்சு அந்த 0.07 கைவிட்டுப் போயிடும். சின்ன நெருப்பு வச்சு அரை மணி நேரம் வாட்டினா வேலைக்கு ஆகாதது இதனாலதான். பெரிய ஹீட்டிங் நாசில், ஆர்ம் கண்ணைச் சுத்திச் சுத்தி ஓட்டணும், ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது, ரெண்டு மூணு நிமிஷத்தில் முடிக்கணும்.

எவ்வளவு சூடுன்னு பார்க்க, கண்ணோட ஒரு ஓரத்தை எமரி போட்டுப் பளபளன்னு ஆக்கி வச்சுக்குங்க. அங்கே வைக்கோல் நிறம் தெரிஞ்சா 220 டிகிரி வந்தாச்சு, நெருப்பை எடுத்துடுங்க. நீலம் ஓடினா 300 பக்கம் போயாச்சு, அது அதிகம். லேசர் தெர்மாமீட்டர் வச்சிருந்தா துரு பிடிச்ச கறுப்பு இடத்தில் காட்டுங்க. பளபளப்பான இடத்தில் அது சூட்டைக் குறைச்சுத்தான் சொல்லும்.

இனி டிராப் ஆர்ம். தொடறதுக்கு முன்னாடி ஷாஃப்ட் முகத்திலும் ஆர்ம் முகத்திலும் ஒரே நேர்கோட்டில் சென்டர் பஞ்ச் வச்சு ஆளுக்கொரு புள்ளி அடிச்சுடுங்க. பெயின்ட் கோடு சூட்டில் நிக்காது. அப்புறம் ஆர்ம் கண்ணில் பிளவு இருக்கான்னு பாருங்க. பிளவும் குறுக்கே ஒரு போல்ட்டும் இருந்தா அந்த போல்ட்டை முழுசா உருவணும், அது ஷாஃப்டில் இருக்கிற காடியில் உக்கார்ந்திருக்கும். உருவாம புல்லர் போட்டா எந்தக் காலத்துலயும் வராது. பிளவு இல்லைன்னா அது டேப்பர் ஸ்ப்ளைன் (கூம்பா இறுகுற பல் வரி), விட்டா ஒரே அடியா விடும்.

மூணு கால் புல்லர் பேரிங்குக்கு உள்ளது. இதுக்கு ரெண்டு கால் டிராப் ஆர்ம் புல்லர், உடம்பு ஒரே துண்டா இருக்கணும், கால் விரியாத மாதிரி. நட்டை மறுபடி மாட்டி, ஆர்முக்கும் நட்டுக்கும் நடுவில் 3 மி.மீ. இடைவெளி மட்டும் விடுங்க. டேப்பர் விடும்போது புல்லரும் ஆர்மும் துப்பாக்கிக் குண்டு மாதிரி கிளம்பும், நட் இருந்தா அதுலயே நின்னுடும். ஷாஃப்ட் நுனிக்கும் புல்லர் ஸ்க்ரூவுக்கும் நடுவில் ஒரு பித்தளைத் துண்டு. ஸ்க்ரூ மரையில் கிரீஸ். பைப் போட்டு இறுக்கி, இனி திரும்பாதுங்கிற நிலையில் நிறுத்துங்க.

அந்த இறுக்கத்தோடயே ஆர்ம் கண்ணோட ஒரு பக்கத்தில் கனமான சம்மட்டியை முட்டுக் கொடுத்து, எதிர்ப்பக்கத்தில் 4 பவுண்டு சுத்தியால் நறுக்குன்னு நாலு அடி. அடி விழ வேண்டியது கண்ணோட விலாவில். ஷாஃப்ட் நுனியில் மட்டும் அடிக்கவே அடிக்காதீங்க. அந்த அடி நேரா பாக்ஸுக்குள்ள போய் செக்டர் ஷாஃப்ட் (ஆர்ம் மாட்டுற அதே ஷாஃப்ட்) புஷ் (அது சுத்துற உள்குழல்), மூடியில் இருக்கிற அட்ஜஸ்டிங் ஸ்க்ரூ ரெண்டையும் கெடுக்கும். அப்பவும் வரலைன்னா இறுக்கத்தை விடாம ராத்திரி முழுக்க அப்படியே விட்டுட்டுப் போங்க. காலையில் ஸ்க்ரூவை இன்னும் கால் சுத்து இறுக்கி, சூடு வச்சு, மறுபடி அடி. சீல் எப்படியும் மாத்தப் போறீங்க, அதனால சூட்டில் அது கருகினா நஷ்டமில்லை. சீல் மாத்தாதவங்க மட்டும் ஷாஃப்ட் கழுத்தில் ஈரத்துணி சுத்திக்கணும்.

ஒர்க்‌ஷாப்_ராத்திரி:

மேல சொன்னதில் ஒரு விஷயத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. டிராப் ஆர்முக்கு நெருப்பு கடைசி கடைசியாத்தான். வைக்கோல் நிறத்தில் நிறுத்துன்னு எழுதறது சுலபம், வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கிட்டு கண்ணில் கறுப்புக் கண்ணாடியோட நிறம் பார்க்கிறது நடக்கிற காரியமா? டிராக் லிங்க்கை (டிராப் ஆர்மிலிருந்து சக்கரத்துக்குப் போற ராடு) பிரிச்சு, பாக்ஸ் போல்ட்டுகளைக் கழட்டி, ஆர்மோட சேர்த்தே பாக்ஸை இறக்கிட முடியுமான்னு பாருங்க. முடிஞ்சா லேத் கடையில் ஹைட்ராலிக் பிரஸ்ல வச்சு ரெண்டு நிமிஷ வேலை. ஷாஃப்ட் சேசிஸ் துளை வழியா வெளியே வந்து ஆர்ம் அந்தப் பக்கம் நிக்கிற அமைப்புன்னா இது ஆகாது, புல்லர்தான்.

டீசல் பத்தி: அது துருவை ஊற வைக்கும், இடுக்குக்குள்ள ஏற ரொம்ப நேரம் எடுக்கும். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் சரிபாதி கலந்து ஊத்துங்க, வேகமா இறங்கும். ரெண்டும் கலந்து நிக்காது, ஒவ்வொரு தடவையும் குலுக்கணும். தகர டப்பாவில் வைங்க, சில பிளாஸ்டிக்கை அசிட்டோன் தின்னுடும். ஒரு நாளைக்கு மூணு வேளை, ஒவ்வொரு வேளையும் ஊத்தினதும் சுத்தியால் பத்து லேசான தட்டு, அந்த அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே நகரும். அசிட்டோன் ஆவி ஒரு சின்னப் பொறியிலேயே குப்புன்னு பிடிக்கும். கேஸ் பத்த வைக்கிற அன்னைக்கு இதைக் கிட்டக்கூடக் கொண்டு வராதீங்க. ஏற்கனவே ஊத்தின இடத்தைத் துடைச்சு, ஒரு நாள் காய விட்டு அப்புறம் நெருப்பு.

முன்_ஆக்சில்:

கிங் பின்னுக்கு வர்றேன். இதில் பாதிப் பேர் எங்கே பிடிச்சிருக்குன்னு பார்க்காமலே அடிக்க ஆரம்பிக்கிறாங்க.

இந்த ஆக்சிலில் பீம் (குறுக்கே ஓடுற பெரிய இரும்பு) கண் நடுவில், ஸ்டப் ஆக்சில் கவை மேலேயும் கீழேயும். பின் பீம் கண்ணில் இறுக்கமா நிக்கும், அது சுத்தாம இருக்கத்தான் குறுக்கே டேப்பர் லாக் பின். கவையில் மேல ஒரு புஷ், கீழ ஒரு புஷ். பீமுக்கு அடியில், கீழ்க் கவைக்கு மேல திரஸ்ட் பேரிங் (வண்டி எடையைத் தாங்குறது). டை ராட், டிராக் லிங்க் பிரிச்ச பிறகு ஸ்டப் ஆக்சிலை இடம் வலம் ஆட்டிப் பாருங்க. லேசாத் திரும்பினா புஷ் நல்லா இருக்கு, பீம் கண்ணில் மட்டும் துரு. திரும்பவே இல்லைன்னா புஷ்ஷிலும் பிடிச்சிருக்கு. எங்கே நெருப்பு, எங்கே அடிங்கிறது இதை வச்சுத்தான்.

முதல் வேலை லாக் பின். அது பீமில் இருக்கிற வரைக்கும் 50 டன் பிரஸ் வச்சாலும் கிங் பின் வராது, பின்னில் இருக்கிற தட்டை வெட்டில் அது உக்கார்ந்திருக்கு. பூத்துப் போன நுனியை கிரைண்டரில் தேய்ச்சு, மரையோட அளவுக்குக் கொண்டு வாங்க. அப்புறம் நட்டை நுனிக்குச் சமமா வர்ற வரைக்கும் ஏத்துங்க, நட்டும் மரையும் சேர்ந்து அடியை வாங்கும். பித்தளை ராடு வச்சு, 4 பவுண்டு சுத்தியால் ஒரே ஒரு பலமான அடி. பத்துச் சின்ன அடி அடிச்சா நுனி பூக்கும், ஒரு பெரிய அடி டேப்பரை விடுவிக்கும். அதுக்கும் மசியலைன்னா சென்டர் பஞ்ச் வச்சு 5 மி.மீ. டிரில்லில் ஆரம்பிச்சு, படிப்படியா பெருசாக்கித் துளைச்சு எடுங்க. துளை நடுவை விட்டு விலகி பீம் கண்ணைத் தின்னாம பார்த்துக்கணும். லாக் பின் செட்டோட புதுசா வரும், அதுக்காக வருத்தப்பட வேண்டாம்.

கிங் பின்னில் நெருப்பு வைக்கிறதுக்கு முன்னாடி மேல் மூடி, கீழ் மூடி, கிரீஸ் நிப்பிள் மூணையும் கட்டாயம் கழட்டுங்க. உள்ளே பழைய கிரீஸ் அடைச்சிருக்கும். சூட்டில் அது ஆவியாகி, மூடி இருந்தா வெடிச்சுத் தெறிக்கும், முகத்துக்கு நேரா. பிரேக் ஹோஸைக் கழட்டி வாயை அடைச்சுக் கட்டி வைங்க. டிரம், ஷூ எல்லாம் முன்னாடியே எடுத்தாச்சுன்னு வச்சுக்கறேன். பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காத்தடிச்சு ஊதாதீங்க, ஈரத்துணிதான்.

அடிக்கிற முறை: மேலிருந்து கீழே. பின்னைவிட 2 மி.மீ. சிறுத்த, ஓரம் தேய்ச்ச இரும்பு ராடு. பீமுக்கு அடியில், கண்ணை ஒட்டி கெட்டியான மரக்கட்டை முட்டு இருக்கணும். முட்டு இல்லாம அடிச்சா ஸ்பிரிங் மேல பீம் துள்ளும், அடி முழுக்க வீண். பீம் கண்ணைச் சுத்தி சூடு ஏத்தி, 10 பவுண்டு சம்மட்டி. முதல் அடியில் ஒரு மி.மீ. நகர்ந்தாலும் போதும், நின்னுடாதீங்க. சூடு உள்ளே இறங்கறதுக்குள்ள அடுத்தடுத்து அடிக்கணும்.

ஜாக்கி வச்சுக் கீழிருந்து தள்ளலாம்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. 20 டன் ஜாக்கின்னாலும் அது தள்றது வண்டியோட எடைக்குத்தான். காலி வண்டியில் முன் சக்கரம் ஒண்ணுக்கு ஒரு டன் பக்கம்தான் வரும், அதுக்கு மேல ஜாக்கி ஏத்தினா வண்டிதான் தூக்கும், பின் நகராது. உண்மையான அழுத்தம் வேணும்னா பீமையும் பின்னையும் சேர்த்துக் கவ்வுற கிங் பின் பிரஸ் வாடகைக்கு எடுங்க.

ஷெட்டுல_நிக்குது:

ரொம்ப நன்றிங்க. லாக் பின் ஒரே அடியில் வந்துடுச்சு, நட்டை நுனிக்குச் சமமா வச்சதுதான் சூட்சுமம். டிராப் ஆர்ம் புல்லர் இறுக்கத்தில் ராத்திரி நின்னு, காலையில் விலாவில் அடிச்சதும் "டங்"னு விட்டுச்சு. நெருப்பே வைக்கலை. ஆனா கிளீனர் சைடு கிங் பின் மட்டும் மூணு தடவை சூடு வச்சு அடிச்சும் நகரலை. ஸ்டப் ஆக்சிலும் திரும்பலை. இப்ப பின்னோட மேல் முகமே பூக்க ஆரம்பிச்சிருக்கு.

முன்_ஆக்சில்:

முகம் பூத்தா அடிக்கிறதை நிறுத்துங்க. இனி அடிச்சா பூத்த தலை மேல் புஷ்ஷில் ஆணி மாதிரி இறுகிடும். முதல்ல அதைத் தேய்ச்சு மட்டமாக்குங்க.

இனி பின்னைக் காப்பாத்தற எண்ணம் வேண்டாம், பீமையும் ஸ்டப் ஆக்சிலையும் மட்டும் காப்பாத்துங்க. பலி கொடுக்க வேண்டியது திரஸ்ட் பேரிங். அதோட தகட்டுக் கூட்டையும் உருளைகளையும் உளியால் உடைச்சு எடுங்க, ரேஸ் வளையங்களை கிரைண்டரில் கீறி உளி வச்சுத் தட்டினா பிளக்கும். பீமுக்கு அடியில் விரல் கனத்துக்கு இடைவெளி கிடைச்சாச்சு, பின்னோட வயிறு தெரியும். அங்கே வெட்டணும். கிங் பின் மேல்தோல் மட்டும் கடினப்படுத்தினது, உள்ளே மெத்து. சாதா ஹேக்சா வழுக்கும். கட்டிங் வீல் வச்சு முதல்ல சுத்திலும் தோலைக் கீறுங்க, அப்புறம் கார்பைடு பிளேடு உள்ளே சுலபமா இறங்கும். கேஸ் கட்டிங் வேண்டாம், அவ்வளவு சின்ன இடத்தில் நெருப்பு பீமோட அடிமுகத்தைத் தின்னுடும். அந்த முகத்தில்தான் புது பேரிங் உக்காரணும்.

கீழே வெட்டினதும் கவையை மேல்நோக்கித் தட்டுங்க. மேல் புஷ்ஷில் பிடி இருந்தா சூடு வைக்கலாம், புஷ் எப்படியும் போகப் போகுது. கவை அந்த பேரிங் கனத்துக்கு மேலே ஏறும். முன்னாடி ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) மட்டும் நுழையற அளவில் இருந்த மேல் இடைவெளி இப்ப பிளேடு நுழையற அளவுக்குத் திறந்திருக்கும். அங்கே ரெண்டாவது வெட்டு. ஸ்டப் ஆக்சில் கையோட வந்துடும், உஷாரா பிடிங்க, காலில் விழுந்தா விரல் மிஞ்சாது. கவையில் மிஞ்சின துண்டுகளை பிரஸ்ல தள்ளலாம்.

பீம் கண்ணில் மிஞ்சின கட்டையை இப்ப ரெண்டு பக்கமும் பார்க்க முடியும். நடுவில் 10 மி.மீ. துளை, அப்புறம் 20 மி.மீ. உள்ளே குழாய் ஆனதும் அதோட பிடி குறைஞ்சிடும். கண்ணைச் சூடாக்கி அடிச்சா கிளம்பும். அதுக்கும் வரலைன்னா ஆக்சிலை இறக்கி பிரஸ்ஸுக்குக் கொண்டு போங்க. யூ போல்ட் எல்லாத்தையும் மறுபடி போடும்போது புதுசா போடணும்.

பின் இருந்த பீம் துளையை நல்லா துடைச்சு, புதுப் பின்னைக் கையால் விட்டுப் பாருங்க. கலகலன்னு ஆடினா அந்தக் கண் தேஞ்சிருக்கு. லேத்தில் போர் பண்ணி ஓவர்சைஸ் பின் போடலாம், இல்லைன்னா ஸ்லீவ். வெல்டிங் புள்ளி வச்சுப் பின்னை நிறுத்தறது, நடுவில் தகடு செருகறது ரெண்டும் வேண்டவே வேண்டாம்.

மரை_பிசகு:

டை ராட் எண்ட் யாரும் தொடலை போல.

ஆர்ம் டேப்பரிலிருந்து எடுக்க கவை உளி (ரெண்டு பல் உள்ள ஆப்பு உளி) வேண்டாம், அது ரப்பரைக் கிழிக்கும். டிராப் ஆர்முக்குச் சொன்ன அதே ரெட்டைச் சுத்தி முறைதான். ஸ்பிளிட் பின்னை எடுத்து, நட்டை மரை நுனிக்குச் சமமா விட்டு, ஆர்ம் கண்ணோட ஒரு விலாவில் முட்டு, எதிர் விலாவில் அடி. ஒரு கடப்பாரை வச்சு ராட்டைக் கீழ்நோக்கி அமுக்கிக்கிட்டே அடிச்சா சீக்கிரம் விடும். ஸ்பிளிட் பின் உள்ளே முறிஞ்சிருந்தா நட்டை உளியால் பிளந்துடுங்க, நட் காசு கொஞ்சம்தான்.

குழாய்க்குள்ள திரும்பாததுக்கு: ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. இது தெரியாம இறுக்குற பக்கமே திருப்பிட்டு இருக்கிறவங்க நிறைய. குழாய்க்கு வெளியே எத்தனை மரை தெரியுதுன்னு எண்ணி எழுதி வச்சுக்குங்க. கிளாம்ப்பை முழுசா எடுத்து, குழாயில் இருக்கிற பிளவில் உளி செருகி ஒரு மயிரிழை திறங்க. குழாயைச் சூடாக்கி, நெருப்பை எடுத்துட்டு, மரை ஓரத்தில் மெழுகுவத்தியைத் தேய்ங்க. உருகின மெழுகு சூட்டோட உள்ளே உறிஞ்சிப் போகும். ஆறினதும் பைப் ரெஞ்ச்சு போட்டு முன்னும் பின்னும் ஆட்டுங்க, ஒரே பக்கமா இழுக்காதீங்க. ரெண்டு தடவை செஞ்சும் வரலைன்னா குழாயையும் சேர்த்து மாத்திடுங்க. அதில் நேரம் செலவழிக்கிறது கணக்குக்கு ஆகாது. பால் ஜாயின்ட் தலையில் மட்டும் நெருப்பு படக் கூடாது, மூடின கிண்ணத்துக்குள்ள கிரீஸ் இருக்கு.

பழைய_இரும்பு:

மாட்டும்போது கவனிக்க வேண்டியது நாலு சொல்லிடறேன்.

கழட்டின டிராப் ஆர்ம், ஸ்டியரிங் ஆர்ம், ஸ்டப் ஆக்சில் வேர் மூணையும் விரிசல் பாருங்க. டை பெனட்ரன்ட் ஸ்பிரே இல்லைன்னா மண்ணெண்ணெய் தடவி பத்து நிமிஷம் விட்டு, சுத்தமாத் துடைச்சு, மேலே சாக்பீஸ் பொடி பூசுங்க. விரிசல் இருந்தா அந்தக் கோட்டில் ஈரம் கசிஞ்சு கறுப்பா தெரியும். தெரிஞ்சா அந்தப் பாகம் தூக்கிப் போடத்தான், வெல்டிங் கிடையாது.

புஷ் அடிக்கும்போது புஷ் துளையும் நிப்பிள் துளையும் நேரா வரணும். அரை துளை மறைஞ்சாலும் கிரீஸ் ஏறாது, திரும்ப இதே கதைதான். மேல் புஷ், கீழ் புஷ் ரெண்டையும் ஒரே நீள ரீமரில் (துளையை அளவுக்குச் சீவுற கருவி), ஒண்ணை வழிகாட்டியா வச்சு இன்னொண்ணை ரீம் பண்ணணும். தனித்தனியா பண்ணினா ஒரே கோட்டில் வராது, ஸ்டியரிங் புதுசுலயே கனக்கும். பீமுக்கும் மேல் கவைக்கும் நடுவில் ஷிம் போட்டு இடைவெளியை ஃபீலர் கேஜில் பாருங்க, 0.1லிருந்து 0.2 மி.மீ. வரை வச்சா சரியா இருக்கும்.

காசில் நட்டில் (தலையில் காடி வெட்டின நட்) ஸ்பிளிட் பின் துளை நேரா வரலைன்னா இன்னும் இறுக்கித்தான் நேராக்கணும், தளர்த்தி இல்லை. டை ராட் எண்ட் மரை குழாய்ப் பிளவைத் தாண்டி உள்ளே போயிருக்கணும். டிராப் ஆர்மை சென்டர் பஞ்ச் புள்ளிக்கு மாட்டுங்க. பாக்ஸைப் பிரிச்சிருந்தா, ஸ்டியரிங்கை ஒரு லாக்கிலிருந்து (கடைசி வரை திரும்பின நிலை) மறு லாக் வரை எண்ணிச் சுத்தி, பாதியில் நிறுத்தி, சக்கரம் நேரா இருக்கும்போது ஆர்ம். எல்லாம் மாட்டினதும் டோ இன் பார்க்கணும், 9.00-20 நைலான் டயருக்கு 1லிருந்து 3 மி.மீ. முன்பக்கம் குறுகலா.

ஷெட்டுல_நிக்குது:

ஒரே ஒரு சந்தேகம். கிரீஸ் அடிக்கும்போது மேல் மூடியில் வழியுது, திரஸ்ட் பேரிங் பக்கம் ஒண்ணுமே வெளியே வரலையே?

முன்_ஆக்சில்:

வண்டி எடை பேரிங் மேல உக்கார்ந்திருக்கும்போது அங்கே கிரீஸ் நுழைய இடமே இல்லை. பீமுக்கு அடியில் ஜாக்கி வச்சு சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, ஸ்டியரிங்கை இந்த லாக்கிலிருந்து அந்த லாக் வரை திருப்பிக்கிட்டே எம்பி3 (மல்டி பர்பஸ்) கிரீஸ் அடிங்க. பேரிங்கைச் சுத்திப் புது கிரீஸ் வளையம் தெரியற வரைக்கும்.